போனை விட்டு வெளியேறும் பாகங்கள்

பெட்டிக்கடை மேசையில் உட்கார்ந்து "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லும் சவுண்ட் பாக்ஸைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது ஒரு செல்போன். திரை இல்லை, கேமரா இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது: சிம் கார்டு, 4ஜி மோடம் சிப், ஒற்றை லித்தியம் செல், அதை சார்ஜ் செய்யும் சுற்று, சில மெகாபைட் ஃப்ளாஷ் நினைவகம், ஒரு சின்ன ஸ்பீக்கர்.

ஸ்மார்ட்போனுக்கு அடுத்து என்ன வரும் என்று கேட்டால் பலரும் ஒரே ஒரு புதுக் கருவியை எதிர்பார்க்கிறார்கள். மூக்குக்கண்ணாடி என்பார் ஒருவர், மடிக்கும் திரை என்பார் இன்னொருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனுக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்டு மலிவான பாகங்கள் இப்போது போனை விட்டுக் கிளம்பி, கடை மேசைக்கும் ஸ்கூட்டருக்கும் வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கும் போய்ச் சேர்கின்றன. தொழில்நுட்பத் துறை போகும் திசையைத் தெரிந்துகொள்ள அந்தப் பாகங்களைப் பின்தொடர்ந்தால் போதும். போன இடத்தில் அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே கெடுகின்றன, ஏன் கெடுகின்றன என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் போனின் கணக்கைப் பார்த்துவிடலாம். 2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தது, அடுத்த ஆண்டே முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதிலிருந்து ஏறுமுகம்தான். ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2016-இல் உலகச் சந்தைக்கு ஏறத்தாழ 147 கோடி ஸ்மார்ட்போன்கள் போயின. அந்த உயரத்தில் நிற்க முடியாமல் எண்ணிக்கை இறங்கி, 2023-இல் சுமார் 117 கோடியானது. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்குக் கொண்டுவந்தபோது, உலகக் கணக்கில் உச்சம் தொட்டு முடிந்துகொண்டிருந்தது.

இறக்கத்துக்குக் காரணம் எளிது. வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள், வாங்கிய போனும் நீடித்து உழைக்கிறது. கூகுள் பிக்சல் 8-லும் சாம்சங் எஸ்24-லும் ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக அந்த நிறுவனங்களே சொல்லிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் நடப்பில் உள்ள விதி, 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரி 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும் என்கிறது. போன் விற்கிறவர்களுக்கு இது கசப்பு. வாங்குகிறவர்களுக்கு நல்லது.

இறங்கினாலும் ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் என்பது சிறிய எண் அல்ல. ஒவ்வொரு போனிலும் அசைவை உணரும் சிப், திசைகாட்டி, இரண்டு மூன்று கேமரா, ஜிபிஎஸ், ஒலிவாங்கிகள். இந்த அளவில் செய்யப்படும் எதுவும் மலிவாகியே தீரும். மலிவானதும் மற்றவர்கள் அதை எடுத்து வேறொன்றில் பொருத்துகிறார்கள்.

சவுண்ட் பாக்ஸ் என்ற திரையில்லாத போன்

இதன் வேலை கேட்கச் சுலபம். கடைக்காரரின் கணக்குக்கு யுபிஐ பணம் வந்ததும் சர்வரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அளவே உள்ள தகவல் பெட்டிக்கு வர வேண்டும், பெட்டி அதைப் பேச வேண்டும். சிறிய கருவிகளோடு பேச எம்க்யூடிடி என்ற நெறிமுறை பரவலாகப் பயன்படுகிறது. பெட்டி சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

பெரும்பாலான சிக்கல் அந்தக் காத்திருப்பில்தான் பிறக்கிறது. பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவே தொலைபேசி நிறுவனத்தின் முகவரி மாற்றும் கருவி ஒன்று இருக்கும். கொஞ்ச நேரம் எந்தப் போக்குவரத்தும் இல்லையென்றால் அது சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பை மறந்துவிடும். பெட்டிக்கு அது தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பணம் வரும், சத்தம் மட்டும் வராது. இதைத் தவிர்க்கத்தான் "உயிரோடு இருக்கிறேன்" என்ற துடிப்பை இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். இடைவெளியை 20 நிமிடம் என்று வைத்தால் டேட்டாவும் பேட்டரியும் மிச்சமாகும், ஆனால் பெட்டி ஊமையாகிவிடும். ஒரு நிமிடத்தில் தொடங்கி, எந்த நிறுவனத்தின் சிம் எவ்வளவு தாங்குகிறது என்று சோதித்துப் பார்த்துப் படிப்படியாக நீட்டுவதே சரியான வழி.

இரண்டாவது சிக்கல் இரட்டை அறிவிப்பு. தகவல் கட்டாயம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக முதல் நிலை உறுதியை, அதாவது "குறைந்தது ஒரு தடவை" என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். பெட்டி தகவலை வாங்கிவிட்டு, வாங்கினேன் என்று பதில் அனுப்பும் நொடியில் சிக்னல் போனால் சர்வர் மறுபடி அனுப்பும். ஒரே 500 ரூபாய் இரண்டு தடவை ஒலிக்கும். வாடிக்கையாளர் இரண்டு முறை பணம் கட்டிவிட்டோமோ என்று பதறுவார். பெட்டி கடைசி இருபது முப்பது பரிவர்த்தனை எண்களை நினைவில் வைத்திருந்து, திரும்ப வந்ததைப் பேசாமல் விட வேண்டும். அதேபோல் அரை மணி நேரம் சிக்னல் இல்லாமல் இருந்து திரும்பிய பெட்டி, தேங்கிய அறிவிப்புகளை வரிசையாக முழங்கக் கூடாது. அந்த நேரத்தில் கடையில் நிற்பவர் வேறு ஒருவர். அவர் பணம் கட்டாமலேயே கட்டியதாக ஆகிவிடும். தகவலில் உள்ள நேரத்தைப் பார்த்து, பழையது என்றால் "பழைய பணம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையேல் சும்மா இருக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். பழைய பெட்டிகளில் இருந்த 2ஜி மோடம் அலை அனுப்பும்போது 4.6 மில்லி நொடிக்கு ஒரு தடவை, அரை மில்லி நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம், 2 ஆம்பியர் வரை இழுக்கும். சராசரி மிகக் குறைவு என்பதால் சின்ன அடாப்டரே போதும் என்று நினைத்துவிடுவோம். கோபுரம் தூரத்தில் இருக்கும் இடத்தில் மோடம் முழு பலத்தோடு கத்தும், வோல்டேஜ் சரியும், பெட்டி தானாக அணைந்து எழும். மாணவர்கள் அதிகம் வாங்கும் சிம்800எல் என்ற 2ஜி மோடம் போர்டிலும் இதே கதைதான். அதற்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும். அதை இயக்க மாணவர்கள் எடுக்கும் ஆர்டுயினோ பயிற்சி போர்டின் 5 வோல்ட் அதிகம், 3.3 வோல்ட் குறைவு. ஒற்றை லித்தியம் செல்லிலிருந்து நேராகக் கொடுத்து, போர்டின் காலுக்கு ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் கெப்பாசிட்டர் போட்டும் பயனில்லை.

புதிதாக வடிவமைப்பவர்கள் 2ஜியை நம்ப வேண்டாம். ஜியோவில் 2ஜியே கிடையாது. 4ஜியின் கேட்-1 வகை மோடம் வினாடிக்கு 10 மெகாபிட் வரை இறக்கும். இந்த வேலைக்கு அது தேவைக்கு மேல். அதிலேயே ஒற்றை ஆன்டெனாவில் ஓடும் வகை வந்த பிறகு பெட்டியின் அளவும் விலையும் இறங்கின.

நாலாவது சிக்கல் நம் மொழிக்கே உரியது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எண்ணைப் பேச வைக்கச் சிறு ஒலித்துண்டுகளைப் பதிவு செய்து ஒட்டுவார்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் பத்தொன்பது வரை 19 துண்டு, இருபது முதல் தொண்ணூறு வரை 8 துண்டு, நூறு, ஆயிரம் என்று இரண்டு. ஆக 29 துண்டில் ஒரு லட்சத்துக்குக் கீழே எதையும் சொல்லிவிடலாம். அதே வார்ப்பில் தமிழை ஊற்றினால் "ஒன்று நூறு இருபது ஐந்து" என்று வரும். காது கூசும். தமிழில் பின்னால் எண் வந்தால் நூறு நூற்றாகும், ஆயிரம் ஆயிரத்தாகும். இரண்டு நூறு கிடையாது, இருநூறுதான். மூன்று ஆயிரம் மூவாயிரம் ஆகும், ஐந்து ஆயிரம் ஐயாயிரம் ஆகும், தொண்ணூறு நூறுக்குக் கீழே நிற்க, தொள்ளாயிரம் நூறின் வரிசையில் வந்து உட்காரும்.

தையல் தெரியாமல் பேச வேண்டுமானால் கணக்கு இப்படி: 1 முதல் 99 வரை 99 துண்டு, நூறுகள் ஒன்பதுக்கும் தனித்து நிற்கும் வடிவம் ஒன்று, தொடரும் வடிவம் ஒன்று என 18, ஆயிரங்கள் 99-க்கும் அதேபோல் இரண்டிரண்டாக 198. மொத்தம் 315. துண்டு ஒன்றுக்குச் சராசரி ஒரு நொடி என்றால், 8 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் ஒலியாக அப்படியே வைக்க ஏறத்தாழ 5 மெகாபைட் வேண்டும். 4 மெகாபைட் ஃப்ளாஷில் அடங்காது. வினாடிக்கு 16 கிலோபிட் என்று சுருக்கினால் 630 கிலோபைட்தான், தாராளமாக அடங்கும். இடம் ஒரு காரணமே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கணக்கு. அரை நாள் பதிவு செய்ய ஒருவர் உட்கார்ந்தால் போதும். சர்வரிலேயே பேச்சாக மாற்றி அனுப்பவும் வழி உண்டு. ஆனால் சிக்னல் மெலிந்த இடத்தில் எண்ணை மட்டும் அனுப்புவதே விரைவாகப் போய்ச் சேரும்.

அசைவை அளக்கும் சிப்

போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதைச் செய்வது சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடையும் அதைத் தாங்கும் சுருளும். எடை நகர்ந்தால் பக்கத்துத் தகடுகளுக்கிடையே மின்தேக்கம் மாறும், அதை அளப்பார்கள். 1990-களில் இந்தச் சிப்பின் பெரிய சந்தை காரின் ஏர்பேக். முடுக்கமானி என்ற இந்தச் சிப் ஐபோன் முதல் மாடலிலேயே இருந்தது, 2010-இல் ஐபோன் 4-இல் சுழலும் வேகத்தை அளக்கும் சுழற்சிமானியும் சேர்ந்தது. இரண்டும் ஒரே சிப்பில் வந்து விலை விழுந்ததால்தான் நாலு இறக்கை ட்ரோன் சாத்தியமானது. விநாடிக்குப் பல நூறு தடவை சாய்வை அளந்து மோட்டார்களைத் திருத்தாவிட்டால் அது ஒரு நொடிகூட மிதக்காது.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எடுப்பது பெரும்பாலும் எம்பியூ-6050 சிப் உள்ள சின்ன நீல போர்டு. வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. மின்சாரம் கொடுத்ததும் சிப் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். ஹெக்ஸில், அதாவது பதினாறு அடிமான எண்ணில், 6பி என்ற பதிவேட்டில் பூஜ்யம் எழுதி எழுப்ப வேண்டும், இல்லையென்றால் எல்லா அளவும் பூஜ்யமாகவே வரும். சிப்போடு பேசும் ஐ2சி என்ற இரண்டு ஒயர் வழியில் அதன் முகவரி ஹெக்ஸில் 68. ஏடி0 காலுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் 69. சிப்பின் அடையாள எண்ணைப் படித்தால் 68 வர வேண்டும். 70 வந்தால் போர்டில் உட்கார்ந்திருப்பது எம்பியூ-6500. அதுவும் நல்ல சிப்தான், ஆனால் பழைய நிரல் நூலகம் அடையாளம் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அடுத்தது அளவின் நகர்வு. சுழற்சிமானி அசையாமல் இருக்கும்போதும் ஒரு சிறு எண்ணைக் காட்டும். அது நொடிக்கு அரை டிகிரி என்றாலும், கூட்டிக்கொண்டே போனால் ஒரு நிமிடத்தில் 30 டிகிரி பொய். முடுக்கமானி நாளடைவில் நகராது, ஆனால் மோட்டார் அதிர்வில் தாறுமாறாக ஆடும். ஒன்றின் குறையை மற்றதால் ஈடுகட்ட வேண்டும். தொடங்கும்போது அசைக்காமல் 2000 அளவுகள் எடுத்து, அதன் சராசரியைச் சுழற்சிமானியிலிருந்து கழியுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பழைய கோணத்தோடு சுழற்சியைக் கூட்டி அதை 0.98-ஆல் பெருக்கி, முடுக்கமானி சொல்லும் கோணத்தில் 0.02 பங்கைச் சேருங்கள். நொடிக்கு 100 சுற்று ஓடினால், ஏறத்தாழ அரை நொடிக்குக் குறைந்த அசைவுக்குச் சுழற்சிமானியையும் அதற்கு மேல் முடுக்கமானியையும் நம்புகிறோம் என்று பொருள்.

இங்கே நிறையப் பேரைக் கவிழ்ப்பது கணக்கு அல்ல, நேரம். சுற்று 10 மில்லி நொடி என்று நிரலில் எழுதிவிட்டு, பார்ப்பதற்காக ஒவ்வொரு சுற்றிலும் 20 எழுத்தை நொடிக்கு 9600 பிட் வேகத்தில் கணினிக்கு அனுப்புவார்கள். அந்த 20 எழுத்து போக மட்டும் 20 மில்லி நொடி ஆகும். கோணம் பாதிக்கும் கீழே காட்டும். சுற்றின் நேரத்தை ஒவ்வொரு முறையும் அளந்தே பயன்படுத்த வேண்டும்.

ட்ரோனில் இன்னும் இரண்டு பாகங்கள் போனிலிருந்து வந்தவை. உயரம் அறியக் காற்றழுத்தமானி. அதன் மேல் காற்று புகும் பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கைக் காற்றும் வெயிலும் பட்டு உயரம் குதிக்கும். திசைகாட்டி, மோட்டாருக்குப் போகும் ஒயரின் பக்கத்தில் இருந்தால் வேகம் கூட்டும்போதெல்லாம் வடக்கு இடம்பெயரும். ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து அதை ஒரு கம்பத்தின் மேல் உயர்த்தி வைப்பது அதனால்தான்.

கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போன் உலகம் 2 மெகாபிக்சலைக் கைவிட்டு வெகுகாலமாகிறது, அந்த அளவுள்ள ஓவி2640 சென்சார் ஈஎஸ்பி32-கேம் என்ற சின்ன வைஃபை போர்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நிரல் ஏற்றும்போது ஜிபிஐஓ 0 காலைத் தரையோடு இணைக்க வேண்டும், ஏற்றி முடித்ததும் எடுத்துவிட வேண்டும். படம் எடுக்கும்போது திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் நிரலைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். 5 வோல்ட் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள்.

செல்

போன் உலகுக்குக் கொடுத்தவற்றில் மதிப்பும் ஆபத்தும் ஒருசேர உள்ள பாகம் லித்தியம் செல். சோனி அதை 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உலகம் முழுக்கப் பரப்பியது லேப்டாப்பும் செல்போனும். விதிகள் கொஞ்சம்தான். முழுச் சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்க வேண்டாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும். நம் ஊரில் குளிர் பிரச்சினை இல்லை, வெப்பம்தான் பிரச்சினை. வெயில் படும் கண்ணாடி அலமாரி மேல் எந்நேரமும் சார்ஜரில் இருக்கும் செல், போனில் இருப்பதைவிட வேகமாக முதிரும்.

மலிவுக் கருவிகளில் சார்ஜ் செய்வது பெரும்பாலும் டிபி4056 என்ற சிப். அதன் போர்டு 1 ஆம்பியருக்கு அமைத்தே வருகிறது. 500 மில்லி ஆம்பியர் மணி செல்லை அதில் மாட்டினால், தாங்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு மின்னோட்டம். சில மாதத்தில் செல் உப்பும். போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் போட்டால் 250 மில்லி ஆம்பியராக இறங்கும். 1 ஆம்பியரில் ஓடும்போது சிப்பிலேயே ஒன்றே கால் வாட்டுக்கு மேல் வெப்பமாகும், அது ஒட்டியிருக்கும் செல்லைச் சுடும். செல்லையும் சார்ஜரையும் முதுகோடு முதுகு ஒட்டாதீர்கள்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாதது. சார்ஜ் முடிந்தது என்பதை இந்தச் சிப் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காக, அதாவது 100 மில்லி ஆம்பியராகக் குறைவதை வைத்து முடிவு செய்கிறது. கருவியும் அதே செல்லிலிருந்து 120 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கணம் வரவே வராது. செல் இரவும் பகலும் 4.2 வோல்ட்டில் பிடித்து வைக்கப்படும். எப்போதும் சார்ஜரில் இருக்கும் பெட்டிகளில் செல் உப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கருவிக்கான மின்சாரத்தை அடாப்டரிலிருந்து தனி வழியில் கொடுக்கும் சார்ஜர் சிப்பைப் பயன்படுத்துவதே தீர்வு. பாதுகாப்புச் சிப் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. பரவலாக உள்ள டிடபிள்யூ01 4.3 வோல்ட்டை ஒட்டித்தான் துண்டிக்கும், 2.4 வோல்ட்டில்தான் நிறுத்தும். அது கடைசி வேலி, அன்றாடக் காவல் அல்ல.

உப்பிய செல்லைக் குத்தவோ அழுத்தவோ திரும்ப சார்ஜ் செய்யவோ கூடாது. எரியும் பொருள் இல்லாத இடத்தில் மணல் தட்டில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2022-இன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

ஸ்கூட்டர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பார்த்தால் நான் சொல்வது கண்ணெதிரே தெரியும். ஓசூரில் டிவிஎஸ், ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா. மின்சார ஸ்கூட்டர் என்பது மோட்டார் வைத்த பெரிய போன் என்று சொன்னால் பொறியாளர்கள் கோபப்படுவார்கள், ஆனால் பாகப் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. ஏதர் 450எக்ஸின் டேஷ்போர்டில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 212 ஓடியது, அது போனுக்காகப் பிறந்த சிப்.

போனிலிருந்து வராத ஒன்று, செல்களை வரிசையாக இணைக்கும் கலை. போனில் பெரும்பாலும் ஒரு செல்தான். ஸ்கூட்டரில் உதாரணமாக 14 வரிசை என்றால் முழுச் சார்ஜ் 58.8 வோல்ட். பதினாலில் மெலிந்த ஒன்று எங்கே நிற்கிறதோ அங்கே முழுப் பேக்கும் நின்றுவிடும். சார்ஜ் ஏற்றும்போது மற்றவற்றுக்கு முன் நிரம்புகிற வரிசை 4.2-ஐத் தொட்டதும் ஏற்றுவது நிற்கும், ஓட்டும்போது சீக்கிரம் தீர்கிற வரிசை வண்டியை நிறுத்தும். இந்தச் சமமின்மையைச் சரிசெய்ய, பேட்டரியைக் கண்காணிக்கும் சுற்றான பிஎம்எஸ், கூடுதலாக நிறைந்த செல்லிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைச் சூடாக்கிக் கழிக்கும். கழிக்கும் வேகம் பல பேக்குகளில் 100 மில்லி ஆம்பியருக்குள்தான், அதுவும் சார்ஜ் முடியும் தறுவாயில் மட்டும். எப்போதும் 80 சதவீதத்தில் பிடுங்கிவிடுபவர்களுக்கு ஓடும் தூரம் மெல்லக் குறைவது பலநேரம் செல் கெட்டதால் அல்ல, சமன் செய்ய நேரமே கொடுக்காததால். கையேடு சொல்லும் இடைவெளியில் ஒரு தடவை நூறு வரை ஏற்றி, சார்ஜரைச் சில மணி நேரம் அப்படியே விட்டால் திரும்பி வரும். 2022 கோடையில் நாடு முழுக்க ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, ஏஐஎஸ்-156 என்ற பேட்டரி பாதுகாப்புத் தரத்தைத் திருத்தி அந்த ஆண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

மெக்கானிக்குகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பேட்டரி, மோட்டார் கன்ட்ரோலர், டேஷ்போர்டு எல்லாம் பேசிக்கொள்வது கேன் பஸ் என்ற இரண்டு ஒயரில். டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத பிழைகள் மாறி மாறி வந்தால், மின்சாரத்தை முழுதும் துண்டித்துவிட்டு அந்த இரண்டு ஒயருக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 60 இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இணையாக இருக்கும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ வெளியிலிருந்து மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிறகு பொருத்திய ஜிபிஎஸ் கருவி. கன்ட்ரோலரை மாற்றச் சொல்லும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனை வாடிக்கையாளரின் பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

ஆலையை இழுப்பது இப்போது யார்

பத்தாண்டுகளுக்கு மேலாகச் சிப் ஆலைகளின் புதிய நுட்பத்துக்குப் பணம் கொடுத்தது போன்தான். அது மாறிவிட்டது. தைவானின் டிஎஸ்எம்சி 2024-இல் ஈட்டிய வருமானத்தில் உயர்திறன் கணினிகளுக்கான சிப்கள் 51 சதவீதம், ஸ்மார்ட்போன் 35 சதவீதம். செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் வரிசையின் முன்னால் வந்து நின்றுவிட்டன.

இது போன் வாங்குபவரின் சட்டைப்பையிலும் தெரிகிறது. சர்வர் சிப்களோடு அடுக்கும் எச்பிஎம் நினைவகம், அதே கொள்ளளவுள்ள சாதாரணக் கணினி நினைவகமான டிடிஆர்5-ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது என்பது மைக்ரான் நிறுவனமே சொன்ன கணக்கு. ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்ததால் 2025 இறுதியில் போனுக்கும் லேப்டாப்புக்கும் போகும் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. போன் மலிவாக்கிய ஒரு பாகத்தின் விலையை வேறொருவர் ஏற்றுவது இந்தத் தலைமுறைக்குப் புதிது.

கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியைப் போனுக்குள்ளேயே ஓட்டலாம் என்கிறார்களே, அதன் எல்லையை ஒரு வகுத்தலில் காணலாம். மாதிரிக்குள் 300 கோடி அளவுருக்கள், அதாவது அது கற்றுவைத்த எண்கள், ஒவ்வொன்றும் 4 பிட் என்றால் 1.5 ஜிபி. ஒவ்வொரு சொற்துண்டை உருவாக்கவும் அந்த 1.5 ஜிபி முழுதையும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும். விலை உயர்ந்த போனின் எல்பிடிடிஆர்5எக்ஸ் நினைவகம் நொடிக்கு 68 ஜிபி தரும், ஆகவே உச்சம் நொடிக்கு 45 துண்டு. மலிவு போனில் 17 ஜிபி என்றால் 11 துண்டு. விளம்பரத்தில் போடும் கணிப்பு வேக எண் எவ்வளவு பெரிதானாலும் இந்தச் சுவரைத் தாண்டாது. தமிழுக்கு இன்னும் இறுக்கம். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், "கி" ஆறு பைட். மாதிரியின் சொற்துண்டுப் பட்டியலில் தமிழுக்கு இடம் ஒதுக்காமல் விட்டால், ஒரு சொல் பல துண்டுகளாகச் சிதறி, திரையில் எழுத்து எழுத்தாக ஊர்ந்து வரும். தமிழுக்கு ஏற்ற துண்டுப் பட்டியல் அமைப்பது கணிப்பு வேகத்தைக் கூட்டுவதைவிட மலிவான தீர்வு.

இங்கே செய்யக்கூடியது

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. பல்லாயிரம் பேரின் பிழைப்பு ஒரு போன் மாடலின் விற்பனையையும் ஒரு நிறுவனத்தின் வரி வழக்கையும் நம்பி நின்றதை அன்று பார்த்தோம். இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோனைப் பூட்டுகிறது, ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. பூட்டும் வேலை தேவைதான். ஆனால் திருகும் பசையும் மட்டும் இங்கே, பாகம் எல்லாம் வெளியே என்றால் ஆலை இடம் மாறத் தடையேதும் இல்லை. மத்திய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயில் அறிவித்த திட்டம் பாகங்களைக் குறிவைத்தது: பல அடுக்கு பிசிபி (மின்சுற்றுப் பலகை), கேமரா தொகுதி, திரைத் தொகுதி, லித்தியம் செல் எல்லாம் அதில் உண்டு.

எல்லாம் ஒரே அளவு கடினம் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. போன் கேமராவின் ஒரு பிக்சல் ஒரு மைக்ரோமீட்டர் அளவு. 20 மைக்ரோமீட்டர் தூசி ஒன்று விழுந்தால் 400 பிக்சல் குருடு. சுத்த அறையும், லென்ஸைப் படம் பார்த்துக்கொண்டே திருத்தி ஒட்டும் எந்திரமும் வேண்டும். போனின் தாய்ப்பலகை பத்து அடுக்கு, துளையே லேசரில்தான் போட முடியும். அங்கே நேராகப் போய் மோதினால் முதல் சில ஆண்டுகள் கழிவுதான் மலையாகும்.

சவுண்ட் பாக்ஸின் பலகை நாலு அடுக்கில் முடிந்துவிடும். ஸ்கூட்டர் பிஎம்எஸ்ஸுக்கு அடுக்கு அதிகம் வேண்டாம், தடித்த செம்பு வேண்டும்: 35 மைக்ரோமீட்டருக்குப் பதில் 70, சிலவற்றில் அதற்கும் மேல். தடித்த செம்பை அரிக்கும்போது கோட்டின் பக்கவாட்டும் கரையும் என்பதால் கோடுகளுக்கிடையே இடைவெளி கூடுதலாக விட வேண்டும். சாலிடர் செய்யும்போது செம்பு வெப்பத்தை உறிஞ்சுவதால் முன்சூடு கூட்ட வேண்டும். இவை கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் நடுத்தர பிசிபி பட்டறை ஒன்று கற்றுக்கொண்டு, வெளியேறும் பலகை ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்பக்கூடிய வேலைகள். வாடிக்கையாளரும் அடுத்த தாலுகாவிலேயே இருக்கிறார்.